பச்சைக்கோட்டில் நின்ற முள்

மே 26, திங்கள்

மழை இப்போதே வந்துவிட்டது. தகரத்துக்கு மேல் தார்ப்பாய் இன்னும் கட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால் சொட்டு. வாளி வைத்தாயிற்று.

ஆன்லைனில் வாங்கிய கெப்பாசிட்டர் டெஸ்டர் செத்தது. வாங்கி ஒன்பதே நாள். தப்பு என்னுடையதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கும், முதலில் பல்பில் இறக்க வேண்டும். எல்லாம் தெரியும். தெரிந்தும் அவசரம். நேராகக் கொண்டுபோய் வைத்தேன். டப். திரை வெள்ளை, மூக்கில் கருகல். ஐந்து நிமிஷம் என்னையே திட்டினேன். பிறகு டீ.

திறந்திருந்தது ஷாகுல் பாயின் தையல் மெஷின் பெட்டி. மெஷினின் மோட்டாரை ஓட்டும் கரண்ட் பெட்டி அது. பாய் நமக்கு இரண்டு சந்து தள்ளி. ஸ்கூல் பை தைக்கும் பட்டறை, இருபத்திரண்டு மெஷின். மூன்று பெட்டி செத்துக் கிடக்கிறது. ஜூன் பாதியில் பைகள் நாக்பூருக்கு லாரி ஏற வேண்டும். அவர் சொன்னது:

"இந்த மூணையும் ஓட வச்சிரு லெச்சுமி. லாரி போற வரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா, இனி இங்க எந்தப் பெட்டி செத்தாலும் உன்கிட்டத்தான். நின்னுச்சுன்னா கம்பெனி ஆளக் கூப்பிட்டுக்கிடுவேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

ஒன்பது வருஷம் இங்கே பக்கத்தில் லேபர் கேம்பில் ஒரு ரிப்பேர் கடையில் இருந்தேன். முதலாளி மீட்டர் வைத்துப் பார்ப்பார், சிவப்புப் பேனாவால் புள்ளி வைப்பார், அந்தப் புள்ளியில் நான் சால்டர் வைப்பேன். மீட்டரைத் தொட்டால் முறைப்பார். கடை தூரத்தில் பாண்டுப்புக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது சால்டர் வைக்கத் தெரிந்த கை மட்டும். எந்தச் சாமான் கெட்டது என்று கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஷாகுல் பாய் வேலை எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். இங்கே எழுதிவைத்தால் வெட்கமில்லை.

மே 27, செவ்வாய்

முடிவு: மீட்டரை நானே கட்டப்போகிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டரா? ஏளா, கேஸ் அடுப்பு பர்னரு ஒரு மாசமா அடச்சுக் கிடக்கு. அதப் பாரு முதல்ல."

"பர்னருக்கு மீட்டர் வேண்டாம். ஊசி போதும்."

"அப்பம் ஊசிய எடு."

பர்னரைக் குத்திக் கொடுத்தேன். நீல ஜுவாலை. மனுஷர் மறுபடி டெம்போவைத் துடைக்கப் போனார்.

ஏன் கட்ட வேண்டும் என்பதை எனக்காகவே எழுதுகிறேன். கெப்பாசிட்டர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே காய்ந்துபோயிருக்கும். சாதா மீட்டருக்கு அது தெரியாது. செத்த டெஸ்டருக்குத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றையும் போர்டிலிருந்து பிடுங்கிக் காட்ட வேண்டும். ஒரு போர்டில் முப்பது இருக்கிறது. முப்பதையும் பிடுங்கினால் போர்டு மிஞ்சாது. நான் கட்டப்போவது பிடுங்காமலே பார்க்கும். வேகமான சின்ன கரண்டை உள்ளே அனுப்பும். கெப்பாசிட்டர் நல்லதென்றால் முள் வலது ஓரத்துக்கு ஓடும், காய்ந்ததென்றால் இடது பக்கமே சோம்பி நிற்கும். ஒரு பீகார்க்காரர் வீடியோவில் பார்த்தது. நாலு தடவை பார்த்து நோட்டில் வரைந்தாயிற்று.

மே 28, புதன்

வேண்டியவை:
ஐ.சி. ஒன்று, சாக்கெட்டோடு.
இரும்பு வளையம், கம்பி சுற்ற. செத்த சி.எஃப்.எல். பல்புக்குள் இருக்கிறது. பரணில் மூன்று பல்பு.
டயோடு நாலு. மறுபடி டப் ஆகாமல் இருக்க. இது முதலில்!
முள் உள்ள சின்ன மீட்டர். பழைய டேப் ரெக்கார்டர் முகப்பில் இருக்குமே, பாட்டுக்கு ஆடும், அது.
1 ஓம், 5 ஓம், 10 ஓம் ரெசிஸ்டர், அளவு பார்க்க. பரணில் பழசு கிடக்கும்.
புது கெப்பாசிட்டர் பத்து.
பெட்டி?
உளுந்து, வாஷிங் பவுடர்.

மே 30, வெள்ளி

மாஹிமிலிருந்து ஸ்லோ டிரெயின், கிராண்ட் ரோடு சாமான் கடைகளுக்கு. லேடீஸ் டப்பாவில் ஒருத்தி மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது ஒரு கிலோ உரித்திருப்பாள். என்னைவிட உருப்படியான பயணம்.

மூன்று கடையில் சேலைக்காரியைப் பார்த்ததும் "சார்ஜர் சாஹியே?" என்றார்கள், போன் சார்ஜர் வேண்டுமா என்று. நாலாவது கடை சேட் கேட்டதை எடுத்து வைத்தார். பத்து கெப்பாசிட்டர், நீலத் தோல், பிளாஸ்டிக் கவரில் பின் அடித்து. கால்கள் மட்டும் குட்டை. புதுசென்றால் ஒரு கால் நீளம், ஒரு கால் கொஞ்சம் குறைவாக இருக்கும். கேட்டேன்.

"ஏகதம் நயா மால், மேடம். மெஷின் கட் லெக் ஹை."

சுத்தப் புதுச் சரக்காம். பெரிய ஃபேக்டரியில் மெஷினே போர்டில் சொருகுமாம், அதற்காக மெஷினிலேயே கால் வெட்டி வருமாம். ஓஹோ என்றேன். எனக்குத் தெரியாத ஒரு விஷயம் தெரிந்ததில் சந்தோஷம் வேறு.

ஜூன் 1, ஞாயிறு

முள் மீட்டர் கிடைத்தது. மைமூன் அக்காவிடம். அக்கா பதிமூணாம் காம்பவுண்டில் பழைய போர்டு வாங்கி உடைக்கிற ஆள். சாமானைப் பிரித்துப் பிரித்து எடைக்குப் போடுவார். கடையநல்லூர்க்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"டேப் ரெக்கார்டர் முகமா? அந்தா மூலையில கிடக்கு, எடுத்துக்க. மாடிக்கு மட்டும் ஏறாத, அங்கன கால் வைக்க எடமில்ல."

இரண்டு முள் மீட்டர். ஒன்று செத்தது. ஒன்று உயிரோடு. பேட்டரியைத் தொட்டுக் காட்டியதும் முள் துள்ளியது. அக்காவும் கைதட்டினார். காசு வாங்கவில்லை. "ஓடுச்சுன்னா கொண்டாந்து காட்டு" என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

கம்பி சுற்றினேன். தப்பு. அவிழ்த்தேன். சுற்றினேன். எண்ணிக்கை விட்டுப்போனது, ஏனென்றால் தண்ணீர் வந்துவிட்டது, குடம் பிடிக்க ஓடினேன். அவிழ்த்தேன். மூன்றாவது தடவை வாய்விட்டு எண்ணினேன். இருபதுக்கு மேல் போனதும் பக்கத்து வீட்டில் கூடவே எண்ணினார்கள்.

தொட்டுப் பார்க்கும் முனைக்கு என்ன செய்வது என்று யோசனை. கடையில் விற்பது மொண்ணை. ஷாகுல் பாய் பட்டறையில் முனை போன மெஷின் ஊசி டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. இரண்டு எடுத்து, முனை தீட்டி, பால்பென் குழாய்க்குள் வைத்து ஒயர் சால்டர் செய்தேன். போர்டின் மேல் உள்ள வார்னிஷைக் குத்தி உள்ளே இறங்குகிறது. இந்த ஒன்றுக்காகவே என்னை நான் மெச்சிக்கொள்கிறேன்.

பெட்டி: சோப்பு டப்பா. பச்சை.

மதியம் மூன்று மணிக்கு முள் நகர்ந்தது. இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டால் வலது ஓரம், பிரித்தால் இடது. தொட்டேன், பிரித்தேன், தொட்டேன், பிரித்தேன். குழந்தை சுவிட்ச் போடுகிற மாதிரி. அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கோடு போடும் நாள். 1 ஓம் ரெசிஸ்டரை வைத்து முள் நின்ற இடத்தில் ஒரு கோடு. 5-க்கு ஒன்று, 10-க்கு ஒன்று. 1-க்கு வலது பக்கமெல்லாம் நல்லது. அங்கே பச்சை நெயில் பாலிஷ்.

பிறகு புதுசு பத்தையும் வைத்தேன். ஒன்றுகூடப் பச்சைக்கு வரவில்லை. 5-க்கும் 10-க்கும் நடுவிலேயே நிற்கிறது. புதுசு எப்படிக் கெட்டிருக்கும்? ஒயரை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். வளையத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ரெசிஸ்டரைச் சந்தேகப்பட்டேன். அது பரணில் கிடந்த பழைய சாமான், தூசு படிந்தது. கெப்பாசிட்டர் கவரில் வந்தது.

மீட்டரில் முள் நிற்கும் இடத்தை மாற்ற ஒரு சின்னத் திருகு உண்டு. திருகினேன். புதுசு பத்தும் பச்சைக்கு வரும் வரை திருகினேன். வந்தது. அப்பாடா.

ஜூன் 6, வெள்ளி

மூன்று பெட்டியும் ஓடுகிறது!!

பல்பில் சார்ஜை இறக்கி, இரண்டு தடவை இறக்கி, ஒவ்வொரு கெப்பாசிட்டராகக் குத்திப் பார்த்தேன். பெட்டிக்கு இரண்டு மூன்று படுமோசம், முள் அசையவே இல்லை. கழற்றிவிட்டுப் புதுசு. மற்றதெல்லாம் பச்சை. சிலவற்றில் முள் ஓரத்தில் போய் டக்கென்று முட்டியது. ரொம்ப நல்ல கெப்பாசிட்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் வந்து நின்றார். சோப்பு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுலயா பாத்த?"

"ஆமா பாய்."

"உள்ள சோப்பு இல்லையே?"

டெய்லர்கள் எல்லோரும் சிரிப்பு. மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தபோது அந்தச் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வரவழைத்தார். பெட்டி மூன்றிலும் என் பெயரும் தேதியும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். நேராக ஒட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

காலை பத்தரை. போன்.

"லெச்சுமி, ரெண்டாம் நம்பர் நின்னு போச்சு. ஆளு சும்மா உக்காந்திருக்கான்."

பெட்டியைத் தூக்கி வந்து எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் பச்சை. மறுபடி பார்த்தேன். பச்சை. பச்சைதான், ஆனால் பெட்டி ஓடவில்லை. மீட்டரைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. வீட்டுக்காரர் சாப்பிட வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போட்டுச் சாப்பிட்டுப் போனார். ரசத்தில் உப்பில்லை. அவர் சொல்லவில்லை, நான் அப்புறம் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது.

பாய் வியாழன் வரை பொறுப்பதாகச் சொன்னார். லாரி சனிக்கிழமை.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கோபம், சிரிப்பு, எது முதலில் என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

வேறு ஒரு முள் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று மைமூன் அக்காவிடம் போனேன். கீழே முழங்கால் தண்ணீர். அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தார், "மேல வந்துரு, கீழ நிக்காத." ஏறினேன். ஜமுக்காளத்தில் குவியல் குவியலாகப் பழைய கெப்பாசிட்டர். அக்கா ஒவ்வொன்றிலும் பழைய தோலைப் பிளேடால் உரித்து, புது நீலத் தோலை மாட்டி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுகிறார். தோல் சுருங்கிக் கச்சிதமாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு கத்தரியை எடுத்து, வளைந்த கால் இரண்டையும் ஒரே அளவில் நறுக்கென்று வெட்டினார்.

அதே நீலம். அதே கவர். மெஷின் கட் லெக்! அந்த மெஷின் மைமூன் அக்கா.

"அக்கா, இது எங்க போகுது?"

"ஒரு சேட்டு ஆளு வந்து எடுத்துட்டுப் போவான். ஏன்?"

"நான் கிராண்ட் ரோடு போயி, புதுசுன்னு இதத்தான் வாங்கியாந்திருக்கேன்."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அல்லாவே. நீயா? எனக்கு என்ன தெரியும் லெச்சுமி, கழுவு, தோல மாத்து, காலை வெட்டு, இதான் நமக்குச் சொன்ன சோலி. எது உசுரோட இருக்கு, எது செத்துச்சுன்னு எனக்கு எங்க தெரியுது?"

வீட்டுக்கு வந்து திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். 1 ஓம் ரெசிஸ்டர் சரியாக 1-க் கோட்டில் நின்றது. மீட்டர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கையைப் பிடித்துத் திருகிப் பொய் சொல்லவைத்தேன். தூசு படிந்ததை நம்பவில்லை, கவரில் வந்ததை நம்பினேன்.

இரண்டாம் நம்பர் பெட்டியில் நான் வைத்த "புதுசு" மூன்றும் பாதி செத்தது. அது போக, பச்சை என்று விட்ட பழசில் நாலு மோசம்.

இப்போது உண்மையான தலைவலி. மீதி இரண்டு பெட்டி பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே சாமான், அதே திருகு. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பாய்க்குத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சனிக்கிழம வரைக்கும் ஓடிருமா?"

"ஓடலாம்."

"அப்பம் ஏன் நீயா போயி வாயக் குடுக்க? லாரி போவட்டும். அப்புறமா சர்வீஸ் மாதிரி போயி மாத்திரு."

யோசனை நல்லதுதான். ரொம்ப நல்ல யோசனை. மதியம் முழுக்க அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். லாரிக்கு முந்தின நாள் நின்றால்? நிற்காவிட்டால்கூட, வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு போனையும் எப்படி எடுப்பேன்? ஸ்டிக்கரில் என் பெயர் இருக்கிறது. பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

போனேன். டெய்லர்கள் சாப்பிடும் நேரம் பார்த்துப் போனேன்.

சொன்னேன். திருகு, சேட், கத்தரி எல்லாம். மைமூன் அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை.

பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் மீட்டர் தப்புன்னு நீயே சொல்லுத. இப்பம் அதே மீட்டர வச்சு, ஓடிக்கிட்டு இருக்க மெஷின நிறுத்தச் சொல்லுத. எத நம்பி நிறுத்த?"

ரெசிஸ்டர் கதையைச் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வருமா? சுற்றிப் பார்த்தேன். மூலையில் உடைந்த மெஷின் ஒன்று, மோட்டார் வெடித்தது, பெட்டி மட்டும் கம்பெனி சீலோடு.

"பாய், அத யாரும் தொறந்ததில்லல்லா? அதயும் தொறக்கேன். என்னோடதயும் தொறக்கேன். ரெண்டயும் பக்கத்துல வச்சுக் குத்துதேன். முள்ள நீங்களே பாருங்க. நான் பேச மாட்டேன்."

திறந்தேன். பல்பு. பல்பு மறுபடியும். கம்பெனிப் பெட்டியில் குத்தினேன், முள் ஓடிப்போய்ப் பச்சையில் நின்றது. அடுத்தது, பச்சை. அடுத்தது, பச்சை. என் பெட்டியில் நான் வைத்ததைக் குத்தினேன். பாதி வழியில் நின்றது. டெய்லர்கள் சோற்றுக் கையோடு வந்து குனிந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பாய் என் கையிலிருந்து ஊசியை வாங்கி, தானே குத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும். பிறகு, "அந்த ஒடஞ்ச மெஷின் பெட்டிய எடுத்துக்க. அதுல உள்ள நல்லதக் கழத்திப் போடு. நாளைக்கு ஒன்பது மணிக்கு மூணும் ஓடணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தப் பெட்டியில் உள்ளது போதவில்லை. ஐந்து குறைந்தது. நிலைமையைச் சொன்னதும் மைமூன் அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழசு கொண்டுவந்து கொட்டினார். கழுவினது, தோல் மாற்றாதது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தினோம். பாதிக்கு மேல் செத்தது, ஆனால் பதினேழு பச்சை. அதில் அளவு பொருந்தியது ஆறு.

"இதெல்லாம் ஒண்ணாத்தான் போட்டு வித்துக்கிட்டு இருந்தேனா நான்?" என்றார் அக்கா. செத்ததைத் தனியாக ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தார்.

ஜூன் 12, வியாழன்

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்றும் ஓடியது. பாய் தலையை ஆட்டினார். பன் மஸ்கா இல்லை. சரிதான்.

தார்ப்பாய் கட்டியாயிற்று. வீட்டுக்காரர்தான் ஏறினார்.

ஜூன் 14, சனி

லாரி போய்விட்டது. சந்து முனையில் நின்று பார்த்தேன், யாரோ சொந்தக்காரரை வழியனுப்புகிற மாதிரி. மூன்று மெஷினும் நிற்கவில்லை. பாய் லாரியை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். இனி வேலை எனக்குத்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால்?

வீட்டுக்காரர்: "ஓடிச்சுல்லா? பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

ஜூன் 17, செவ்வாய்

மைமூன் அக்காவுக்கு ஒரு மீட்டர் வேண்டுமாம். செத்ததைத் தனியாகப் போட்டுவிட்டு, உயிரோடு இருப்பதைப் பழசு என்று சொல்லியே ரிப்பேர்க்காரர்களுக்கு நேராக விற்கப்போகிறாராம். சேட் ஆளிடம் சொன்னதற்கு அவன் முணுமுணுத்துக்கொண்டு போனானாம். "போறான், நம்ம கத்தரி நம்மகிட்டத்தான இருக்கு" என்றார். இரண்டாவது வளையம் சுற்ற ஆரம்பித்தேன். முப்பது வரை வாய்விட்டு எண்ணினேன், முதல் தடவையே சரி.

ஷாகுல் பாயிடமிருந்து ஒன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

பாய் வீட்டு வாசலுக்கே வந்தார். குடை மடக்காமல் வெளியே நின்றபடியே பேசினார். பெட்டி எதுவும் கையில் இல்லை. கம்பெனி ஆளை வைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சீத்தா கேம்ப்ல என் மச்சான் பட்டற இருக்கு. ஜாக்கெட் தைக்கான். பதினோரு மெஷின்ல அஞ்சு கிடையில கிடக்கு. உன்னயப் பத்திச் சொன்னேன்."

"என்னனு சொன்னிய பாய்?"

"நல்லா பாப்பா, தப்பு வந்தா நம்ம கண்டுபிடிக்கதுக்கு முந்தி அவளே வந்து சொல்லிருவான்னேன். நம்ம கடையில பெட்டி போனாலும் இனி நீதான். சனிக்கிழம போயிரு."

உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை நான். அவர் போன பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்காரர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "டெம்போவுலயே கொண்டு விடுதேன், சனிக்கிழம லோடு இல்ல" என்றார். லோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 21, சனி

சீத்தா கேம்ப். நல்ல வெயில், மழை விட்டிருந்தது. பாயின் மச்சான் ஐந்து பெட்டியையும் சுவரோரமாகத் தரையில் வரிசையாக வைத்து, கோரைப்பாய் விரித்து, பிளக் பாயிண்டும் இழுத்துக் கொடுத்திருந்தார். மீட்டரை வெளியே எடுத்தேன். சோப்பு டப்பாவை ஒரு தடவை பார்த்தார்.

"எதுலருந்து ஆரம்பிக்கிய?" என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.